கடல் கொடுக்கிறது, கரை பறிக்கிறது

நண்பர்களே, மாணவச் செல்வங்களே, காலை ஏலத்தை முடித்துவிட்டுக் கூடையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

சிறு மீனவர்களின் பொருளாதாரத் துயரங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. அதை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். உயிரைப் பணயம் வைத்து மீனைப் பிடிப்பவர் ஏன் ஏழையாக இருக்கிறார்? அந்த மீனை வலையிலிருந்து ஒருநாளும் கழற்றி அறியாதவர் ஏன் வசதியாக இருக்கிறார்?

இந்தக் கேள்விக்குப் பலரும் கைவசம் பதில் வைத்திருக்கிறார்கள். கடலில் மீன் இல்லாமல் போய்விட்டது என்பார்கள். கிடைத்ததை அன்றே செலவழித்துவிடுகிறார்கள், சேமிக்கத் தெரியாது, குடிக்கிறார்கள் என்பார்கள். படிப்பில்லை என்பார்கள். அலுவலகங்களிலும் கருத்தரங்குகளிலும் இவற்றைக் கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சு கசந்துபோயிற்று. என் பதில் வேறு. மீனவரின் வறுமையில் பெரும்பகுதி கடலில் உண்டாவதில்லை. கரையில் உண்டாகிறது. கடல் கொடுக்கிறது, கரை பறிக்கிறது. எப்படி என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டின் கடற்கரை 1076 கிலோமீட்டர் என்று நாம் பள்ளியில் படித்தோம். பழவேற்காட்டிலிருந்து நீரோடி வரைக்கும் அடுத்தடுத்துக் குப்பங்களும் ஊர்களும். உலகம் முழுவதும் பிடிபடும் மீனில் ஏறத்தாழ 40 சதவீதம் சிறு மீனவர்கள் பிடிப்பது என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மீன்பிடித் தொழிலில் இருக்கும் 10 பேரில் 9 பேர் சிறு தொழிலைச் சார்ந்தவர்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இவ்வளவு பேரைச் சோறு போட்டுக் காக்கும் தொழிலைச் சிறுதொழில் என்கிறோம். படகுதான் சிறியது, தொழில் சிறியதில்லை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஃபைபர் படகில் நான்கு பேர் விடியுமுன் கடலுக்குப் போகிறார்கள். எண்ணெய், ஐஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 3000 ரூபாய் செலவு என்று வையுங்கள். பாடு பரவாயில்லை. சந்தையில் 10,000 ரூபாய் போகக்கூடிய மீன். ஆனால் அந்தப் படகுக்காரர் ஏற்கெனவே ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதனால் மீனை அவரிடம்தான் போட வேண்டும். அவர் வைத்த விலை 8000. அதிலும் நூற்றுக்குப் பத்து தரகு, 800 போயிற்று. செலவு 3000 போயிற்று. மிச்சம் 4200. பாதி படகுக்கும் வலைக்கும் இயந்திரத்துக்கும். மீதிப் பாதி நான்கு பேருக்கு. ஆளுக்கு 525 ரூபாய். முன்பணம் என்ற கட்டு இல்லாமல், நூற்றுக்கு ஐந்து கமிஷனில் திறந்த ஏலத்தில் அதே மீன் விற்றிருந்தால்? ஆளுக்கு 800 ரூபாய்க்கு மேல் வந்திருக்கும். தொகைகள் நான் கணக்குக்காக வைத்தவை. பங்கு பிரிக்கும் வழக்கமும் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான். முன்வரிசையில் தலையாட்டுகிறார்கள் பாருங்கள், அவர்களைக் கேளுங்கள்.

அன்று கடல் குறை வைத்ததா? இல்லை. அலை அதிகமாக அடித்ததா? இல்லை. மீன் அதே மீன். உழைப்பு அதே உழைப்பு. படகு கரையைத் தொட்ட அரை மணி நேரத்தில் ஓர் ஆளின் கூலியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது.

அந்த முன்பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஓர் உதவியாகவே தெரியும். வலை கிழிந்துவிட்டதா, வியாபாரி பணம் தருகிறார். இயந்திரம் பழுதா, தருகிறார். மகளுக்குக் கல்யாணமா, தருகிறார். கையெழுத்து இல்லை, ஜாமீன் இல்லை, பல இடங்களில் வட்டி கூட இல்லை. நடு இரவில் கதவைத் தட்டினாலும் தருவார். எந்த வங்கி அப்படித் தரும்? ஆனால் வட்டியில்லாக் கடனுக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நீ பிடிக்கும் மீன் என்னுடையது, விலை சொல்வதும் நான். கடன் தீரும் வரைக்கும் இப்படித்தான். தீருமா? தீர வேண்டும் என்று கொடுத்தவர் விரும்புவதே இல்லை. அசலைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார். ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்தால் முகம் சுளிப்பார். கடன் தீர்ந்த அன்று மீனும் கைநழுவிப் போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அப்பன் வாங்கிய முன்பணம் மகனுக்கு வந்து சேருகிறது. படகு மகனுக்கு, கடனும் மகனுக்கு.

சரி, ஏன் வங்கிக்குப் போகக்கூடாது? நல்ல கேள்வி. உழவர் கடன் அட்டையை மீனவர்களுக்கும் விரிவுபடுத்துவதாக 2018ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். வரவேற்போம். ஆனால் மீனவர் வங்கி மேலாளர் முன்னால் போய் உட்கார்ந்ததும் முதலில் என்ன கேட்கிறார்கள்? சொத்துப் பத்திரம் இருக்கிறதா? வீட்டுப் பட்டா இருக்கிறதா? பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அதே மணலில் குடியிருக்கும் குடும்பத்திடம் பட்டா இருக்காது. எத்தனையோ குப்பங்கள் அரசுக் கணக்கில் இன்றும் புறம்போக்கு. நிலம் இல்லாததால் வங்கி இல்லை. வங்கி இல்லாததால் முன்பணம். முன்பணத்தால் விலை இல்லை. விலை இல்லாததால் வறுமை. நூல் பிடித்துக்கொண்டே போனால், கடலில் வலை வீசுபவரின் வறுமை கடைசியில் ஒரு நிலப் பத்திரத்தில் வந்து முட்டுகிறது.

எனவே கரையைப் பற்றிப் பேசாமல் கடலைப் பற்றிப் பேச முடியாது. கரை யாருடையது?

சென்னைக்காரர்கள் எல்லோரும் பெருமைப்படும் மெரினாவை எடுத்துக்கொள்வோம். அவ்வளவு அகலமான மணல்வெளி எப்படி வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணலைச் சுவர் மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா விரிந்தது. சுவருக்கு வடக்கே? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரையை அலை தின்றது. ஒரு பக்கம் மாலைக் காற்று வாங்க இடம் கிடைத்தது, இன்னொரு பக்கம் வலை உலர்த்த இடம் போயிற்று. இரண்டும் ஒரே மணல்.

அதிலிருந்து பாடம் கற்றோமா? 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே இருந்த மணற்கரை மறைந்தது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடங்கிற்று. அங்கேயும் கல். மறுபடி அதற்கு வடக்கே அரிப்பு. இப்படியே தமிழ்நாட்டுக் குப்பங்கள் வரைக்கும் போயிற்று. கல் கொட்டினால் வீடு தப்பும், உண்மைதான். ஆனால் கட்டுமரத்தை எங்கே ஏற்றுவது? கரைவலையை எங்கே நின்று இழுப்பது? நெத்திலியை எங்கே காயப்போடுவது?

நண்பர்களே, கரை போனால் என்ன நடக்கிறது என்பதைக் கூர்ந்து கவனியுங்கள். ஊர்க் கரையில் படகு இறங்கினால் வீட்டுப் பெண்கள் அங்கேயே மீனை வாங்குவார்கள். ஒரு கூடை, அரைக் கூடை என்று சிறு கூறுகளாக ஏலம் போகும். கிழவி ஒருத்தி 300 ரூபாய் வைத்துக்கொண்டு வந்தாலும் அவளுக்கும் ஒரு கூறு கிடைக்கும். கரை இல்லாமல் போய்ப் படகு தொலைவில் உள்ள துறைமுகத்துக்குப் போனால், அங்கே பெட்டிக் கணக்கில் ஏலம். லாரியோடு நிற்பவர் எடுப்பார். கிழவியின் 300 ரூபாய் அங்கே செல்லாது. மணல் போனதோடு ஒரு சந்தையும் போயிற்று. இந்த இழப்பை எந்தத் திட்ட அறிக்கையும் கணக்கில் எடுத்ததாக நான் பார்க்கவில்லை.

2004 டிசம்பர் 26க்கு வருவோம். ஆழிப்பேரலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கு மேற்பட்ட உயிர்கள். உலகமே உதவிக்கு வந்தது. அந்த ஈரத்தை நான் மறக்கவில்லை. ஆனால் 2005 மார்ச் மாதம் வந்த வீடு கட்டும் அரசாணையை எத்தனை பேர் படித்தீர்கள்? உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அதற்கு அப்பால் புதிய வீட்டுக்குப் போகலாம், ஆனால் பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். போக மாட்டேன் என்றால் இருக்கலாம், ஆனால் வீட்டு உதவி கிடையாது. பாதுகாப்பு கருதிச் சொன்னது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்து மூன்று மாதமே ஆன ஒரு தாயிடம், வீடு வேண்டுமா, கரை வேண்டுமா என்று கேட்கலாமா? வீட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் இன்று இயந்திரத்தைத் தோளில் சுமந்து நடக்கிறார்கள். வலையைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். வீட்டு வாசலில் நின்று கடலின் நிறத்தையும் காற்றின் திசையையும் பார்த்து இன்று போகலாமா கூடாதா என்று முடிவுசெய்த மனிதருக்கு, இன்று வாசலில் நின்றால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது.

மெரினாவுக்கே மறுபடியும் வருகிறேன். நொச்சிக்குப்பத்தின் ஊடாகப் போகும் லூப் சாலையில், நீதிமன்ற உத்தரவை அடுத்து, 2023 ஏப்ரலில் மீன் கடைகளை அப்புறப்படுத்தினார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார்கள். குப்பத்து மக்கள் சாலையில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார்கள். நாங்கள் சாலைக்கு வந்தோமா, சாலை எங்களிடம் வந்ததா? பிறகு அங்கே புதிய மீன் அங்காடி கட்டித் தந்தது அரசு. நல்லது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

கடலைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அங்கே நடந்ததும் கரையில் எடுத்த முடிவுதான். 1950களில் நார்வே நாட்டு உதவியோடு கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய திட்டம் விசைப்படகையும் இழுவைமடியையும் கொண்டுவந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏற, கரையிலிருந்த பணமெல்லாம் இழுவைமடியில் போய் விழுந்தது. அடிக்கடலை வாரி இழுக்கும் மடி அது, குஞ்சையும் விடாது, முட்டையையும் விடாது. கட்டுமரத்தார் வலைகள் அறுந்தன. கடலிலும் கரையிலும் மோதல்கள் வெடித்தன, உயிர்கள் போயின. அதன் பிறகுதான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல்மைல் சிறு மீனவர்களுக்கு என்றது. 2020இல் அதை 5 கடல்மைல் ஆக்கினார்கள். சட்டம் நல்ல சட்டம். இரவில் அந்த எல்லைக்குள் இழுவைப்படகு வந்தால் தடுக்க யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைச் சிறைப்பிடிக்கும்போது நம் நெஞ்சு பதறுகிறது. 2024இல் மட்டும் 500க்கு மேற்பட்டோர் பிடிபட்டார்கள். பதறத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கரையில், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும், போரில் படகையும் வீட்டையும் இழந்து, கடன் வாங்கி வலை வாங்கிய சிறு மீனவர் ஒருவர் இருக்கிறார். நம் இழுவைப்படகு இரவில் அறுத்துக்கொண்டு வருவது அவருடைய வலையை. அவரும் தமிழ் பேசுகிறவர்தான். அவருடைய மனைவியும் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்திருக்கிறாள். இழுவைமடியிலிருந்து நம் படகுகளை ஆழ்கடலுக்குத் திருப்ப 2017இல் ஒரு திட்டம் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம். மிச்சத்துக்கு வழியில்லாமலும் ஆழ்கடல் தொழில் பழகாமலும் பலர் தயங்கி நின்றுவிட்டார்கள். பழக்கிக் கொடுப்பது யார் கடமை? இரு கரைச் சிறு மீனவரும் ஒரு மேடையில் உட்கார்ந்து பேசும்வரை இந்தத் துயரம் தீராது என்பது என் உறுதியான எண்ணம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் வரிசையாக வீடுகளில் விளக்கு அணைந்தது. பலருடைய உடல் கிடைக்கவில்லை. காணாமல் போனவர் ஏழாண்டு கேள்விப்படாமல் இருந்தால்தான் இறந்தவராகக் கொள்வது சட்டம். ஏழாண்டுக்கு அந்தப் பெண் யார்? சுமங்கலியா, விதவையா? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது? ஆயிரக்கணக்கானோர் குழித்துறையில் ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். பிறகுதான் விதி தளர்ந்தது, காணாமல் போனவர் குடும்பங்களுக்கும் 20 லட்சம் கிடைத்தது.

தாய்மார்களே, உங்களைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களா? மீனவர் என்றாலே எல்லோருக்கும் வலை வீசும் ஆணின் படம்தான் மனத்தில் வருகிறது. வலையில் வந்த மீனைப் பணமாக்குவது யார்? ஏலத்தில் கூறு எடுப்பது, அறுப்பது, உப்பிட்டுக் காயவைப்பது, தலைச்சுமையாகத் தெருத்தெருவாகப் போவது, கடன்காரருக்குப் பதில் சொல்வது, எல்லாம் பெண். காலையில் முதல் இல்லாமல் வட்டிக்காரரிடம் போனால் 100 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 900 தருவார். மாலையில் 1000 ஆகத் திருப்ப வேண்டும். ஒரு பகலுக்கு நூறு ரூபாய் வட்டி! அந்தப் பகலில் வெயில் ஏறி ஐஸ் உருகினால் மீன் கெடும், வட்டி கெடாது.

இத்தனைக்கும் மேலே அவமானம் வேறு. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்திலேயே அவர் நியாயம் கேட்டு அழுததை நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதோடு முடிந்ததா? தட்டில் விழும்போது மணக்கிற மீன், கூடையில் வரும்போது ஏன் நாறுகிறது? குளச்சலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் திருவனந்தபுரத்தில், 1980களிலேயே மீன் விற்கும் பெண்கள் திரண்டு போராடித் தங்களுக்கென்று தனிப் பேருந்து வாங்கினார்கள். பேருந்து வந்ததும் விற்கும் இடம் தேடி வேலைக்குப் போகும் மரியாதை வந்தது. அது சலுகை இல்லை, தொழிலுக்கு வேண்டிய பாதை.

அதே திருவனந்தபுரக் கரையில் மரியநாடு என்று ஓர் ஊர். 1960களின் பிற்பகுதியில் அங்கே மீனவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். கடலுக்குப் போகிறவர் மட்டுமே உறுப்பினர். வியாபாரிக்கு இடமில்லை. ஊர்க் கரையிலேயே சங்கம் ஏலம் கூறும். விற்ற பணத்தில் ஒரு பங்கு வாங்கிய கடனுக்குப் போகும், ஒரு சிறு பங்கு அவரவர் சேமிப்புக்குப் போகும், மிச்சம் கைக்கு வரும். பாடு உள்ள நாளில் கூடுதல் பிடித்தம், பாடு இல்லாத நாளில் பிடித்தமே இல்லை. கடலின் குணம் அறிந்து போட்ட கடன் அது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். சங்கம் நின்றது. அந்த விதையிலிருந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு எழுந்து, கன்னியாகுமரிக்கும் அதைத் தாண்டியும் பரவியது. சேமிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் பட்டம் கட்டிய அதே மக்கள், ஏலம் கூறும் உரிமை கைக்கு வந்ததும் சேமித்துக் காட்டினார்கள். பழக்கம் மாறவில்லை ஐயா, விலை சொல்லும் வாய் மாறிற்று!

அரசு எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்குத் தரும் நிவாரணத்தை 8000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். உயர்த்தியதற்கு நன்றி சொல்வோம், போதாது என்றும் சொல்வோம். ஆனால் நிவாரணம் கேட்டே ஆயுளைக் கழிக்க வேண்டியவர்களா இவர்கள்? வழியில்லாமல் பஹ்ரைனுக்கும் ஈரானுக்கும் போய் அடுத்தவர் படகில் கூலிக்கு வலை இழுக்கிறார்கள். 2020இல் கொரோனா முடக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் ஈரானில் சிக்கி, கடற்படைக் கப்பல் போய் அழைத்துவர வேண்டியிருந்ததே. சொந்தக் கடலை இவ்வளவு நன்றாக அறிந்தவர்கள் அரபிக்கடலைக் கடந்து கூலிக்குப் போகிறார்கள் என்றால், சொந்தக் கரை அவர்களைத் தாங்கவில்லை என்றுதானே பொருள்?

கேட்க வேண்டியவை மூன்றல்ல, முப்பது உண்டு. நான் இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முடிக்கிறேன், ஏனெனில் அது இப்போதே செய்யக்கூடியது. கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கைப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம் போட வேண்டும். அதில் மீனவர் ஊர், படகு நிறுத்துமிடம், வலை பின்னுமிடம், மீன் உலர்த்துமிடம், வருங்காலத்தில் வீடு கட்டத் தேவைப்படும் இடம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மீனவர்கள் எழுந்து, எங்கள் ஊர் எங்கே, எங்கள் களம் எங்கே என்று கேட்டார்கள். வரைபடத்தில் இல்லாத களத்தில் நாளை வேலி விழுந்தால் எந்த நீதிமன்றத்தில் போய் எதைக் காட்டுவது? எண்ணூர்க் கழிமுகத்தையே ஒரு வரைபடத்தில் காணவில்லை என்று அங்குள்ள மக்கள் போராடியதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

மாணவர்களே, உங்கள் எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கிறது. அதில் இருப்பிடம் காட்டும் வசதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துப் பெரியவர் ஒருவரோடும் மீன் விற்கும் அம்மா ஒருவரோடும் கரையில் நடங்கள். இங்கே படகு ஏற்றுவோம் என்று அவர்கள் சொல்லும் இடத்தைக் குறியுங்கள். இங்கே கருவாடு போடுவோம் என்ற இடத்தைக் குறியுங்கள். எந்த வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, எந்த வீட்டுக்கு இல்லை என்று எழுதுங்கள். தேதியோடு படம் எடுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்துப் படித்துக் காட்டி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். ஒரு படியை ஊரிலேயே வையுங்கள். எண்ணூரிலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் இருக்கும் மேசையில் பெயரும் கல்லூரியும் எழுதிக்கொடுங்கள். தாய்மார்களே, உங்களில் யார் யார் அவர்களோடு நடக்க முடியும் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.